துருப்பிடிக்காத கப்பலுக்கு எப்படி வயது ஏற்றுவது?

சிங்கப்பூரில் வேலை பார்க்கும் என் அக்காள் மகன் சென்ற தீபாவளிக்கு வந்தபோது ஒரே விண்கலக் கிட்டில் (பாகங்களைப் பொருத்திச் சிறிய மாதிரி செய்யும் பெட்டி) இரண்டு பெட்டி கொண்டுவந்தான். கற்பனையான சரக்குக் கப்பல், 1/144 அளவு, வெளிர்சாம்பல் பிளாஸ்டிக், பசை இல்லாமல் அழுத்திப் பொருத்தும் வகை. "ஒன்று உங்களுக்கு, ஒன்று எனக்கு. முதலில் நீங்கள் செய்யுங்கள் அம்மான், பார்த்துக்கொண்டு நான் பிறகு தொடங்குகிறேன்" என்றான். மரியாதை போலத்தான் இருந்தது. முதல் பள்ளத்தில் விழுவதற்கு ஆள் பிடித்திருக்கிறான் என்பது இரண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது.

விழுந்த பள்ளங்களையும் தாண்டிய பள்ளங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். காரைக்குடி வெயிலில், இங்கே கடைகளில் கிடைப்பதை வைத்துக்கொண்டு, முதல் கிட்டையோ இரண்டாவது கிட்டையோ கையில் எடுப்பவருக்கு இது பயன்படும். பத்துக் கிட் முடித்தவர்கள் என்னைத் திருத்துவதற்காக வேண்டுமானால் படிக்கலாம்.

பெட்டியின் மேல்படத்தில் கப்பலின் உடல் முழுக்கச் செந்துரு வழிந்திருந்தது. எனக்கு முதலில் உறுத்தியது அதுதான். இந்த ஊர்க்காரனுக்கு உறுத்தாமல் இருக்காது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948இல் அடிக்கல் நாட்டி 1953இல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம் எங்கள் ஊரில்தான் இருக்கிறது. 'சிக்ரி' என்று சொன்னால் ஆட்டோக்காரர் கொண்டுபோய் விடுவார். உலோக அரிமானம் அங்கே முக்கியமான ஆய்வுத்துறை. துருவுக்கு இரும்பு வேண்டும், ஈரம் வேண்டும், ஆக்ஸிஜன் வேண்டும் என்பது அந்த வாசலைத் தாண்டாத எங்களுக்கும் தெரியும். விண்வெளியில் ஈரமும் இல்லை, காற்றும் இல்லை. சாதாரண இரும்பில் விண்கலம் கட்டுவாரும் இல்லை. பிறகு எங்கிருந்து வழிகிறது அந்தச் செந்துரு?

விண்கலத்தின் வயது வேறு விதமாகத் தெரியும். 1983இல் சேலஞ்சர் விண்ணோடத்தின் முன்கண்ணாடியில் சிறு பள்ளம் ஒன்று விழுந்தது. சுற்றுப்பாதையில் திரிந்த வண்ணப்பூச்சுத் துணுக்கு மோதியதால் வந்த பள்ளம் அது, கண்ணாடியையே மாற்றினார்கள். 1984 ஏப்ரலில் மேலே விட்டு 1990 ஜனவரியில் திரும்பக் கொண்டுவந்த 'எல்டெஃப்' என்ற நாசாவின் சோதனைக்கலத்தின் மேற்பரப்பில் நுண்பள்ளங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. புற ஊதாக் கதிர் வெள்ளைப் பூச்சைப் பழுப்பாக்கும். பூமியை ஒட்டிய உயரங்களில் ஒற்றை அணுவாகத் திரியும் ஆக்ஸிஜன், பிளாஸ்டிக் படலங்களை மெல்ல அரிக்கும். காற்றுமண்டலத்துக்குள் திரும்பும் கலம் கருகும். 2014 டிசம்பர் 18 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பி வங்கக் கடலில் இறங்கிய இஸ்ரோவின் 'கேர்' என்ற ஆளில்லாச் சோதனைக் கூட்டின் படங்களைத் தேடிப் பாருங்கள். நாள் முழுதும் விறகடுப்பில் இருந்த பாத்திரத்தின் நிறம்.

ஆகவே எந்த முறை என்று யோசிப்பதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது: உங்கள் கப்பல் எங்கே போய் வந்தது? வெற்றுவெளியிலேயே கிடக்கும் கலம் என்றால் வெளிறலும் நுண்பள்ளமும் போதும். காற்றுக்குள் புகுந்து வருவது என்றால் மூக்கிலிருந்து வால் நோக்கி இழுத்த கருகல் வேண்டும். தரையிறங்குவது என்றால் காலில் புழுதி வேண்டும், ஏறும் பாலத்தில் தேய்மானம் வேண்டும். என் கப்பல் செவ்வாய்க்குச் சரக்கு ஏற்றுகிறது என்று வைத்துக்கொண்டேன். செவ்வாயின் செம்மை இரும்பு ஆக்ஸைடால் வந்தது. எங்கள் செம்மண்ணின் சிவப்பும் அதே குடும்பம். இந்த ஏற்பாட்டில் எனக்குப் பிடித்த சிவப்பும் கிடைத்தது, சிக்ரிக்கும் துரோகம் செய்யவில்லை.

அடுத்தது கணக்கு. 1/144 என்றால் ஒரு மில்லிமீட்டர், உண்மையில் 14.4 சென்டிமீட்டர். கையில் இருக்கும் கப்பல் 20 செ.மீ. நீளம், உண்மையில் கிட்டத்தட்ட 29 மீட்டர். அதில் நிற்கும் ஆள் 12 மி.மீ. உயரம்தான் இருப்பான். நாம் அலட்சியமாக வைக்கும் இரண்டு மி.மீ. கீறல், அந்த ஆளின் பக்கத்தில் ஒரு சாணுக்கு மேல் அகலமான கிழிசல். இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டிவைத்தேன். பிறகு வந்த சந்தேகங்களில் பாதியை அந்தத் தாளே தீர்த்துவைத்தது.

மூன்று வழிகள்

முதல் வழி, வண்ணமே அடிக்காமல் விடுவது. பிளாஸ்டிக்கின் நிறமே கப்பலின் நிறம். பொருத்தி, தகடுகளுக்கு இடையிலான கோடுகளில் கருமையை ஓடவிட்டு, மேலே மங்கல் வார்னிஷ் அடித்து, அங்கங்கே அழுக்கு ஏற்றினால் முடிந்தது. நான்கு மாலைப்பொழுது போதும். கண்ணுக்கே தெரியாத நுணுக்கங்கள் எதுவும் வண்ணத்தில் மூழ்காது. சிறுவர்களோடு சேர்ந்து செய்வதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

இதில் ஒரு பொறி இருக்கிறது. முதல் பள்ளம் அதுதான். அழுத்திப் பொருத்தும் கிட்டில் முளையும் துளையும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டே இருக்கும். அந்த இறுக்கத்தில் உள்ள பிளாஸ்டிக் மேல் எனாமல் கரைசலை ஓடவிட்டால், அதிலுள்ள கரைப்பான் இணைப்புக்குள் இறங்கி, பிளாஸ்டிக்கை விரிசல் விடச் செய்யும். நான் ஓடவிட்டு, அழகாக இருக்கிறதே என்று ரசித்துவிட்டுப் படுத்தேன். காலையில் ஒரு தரையிறங்கு கால் தனியாகக் கிடந்தது. தப்பிக்க மூன்று உபாயம் உண்டு. பொருத்துவதற்கு முன்பே பாகங்களுக்குக் கோடு போட்டுக் காயவிடலாம். முளையின் முனையைச் சிறிது சீவி இறுக்கத்தைக் குறைக்கலாம். அல்லது எனாமலை விட்டுவிட்டு, நீரில் கரையும் கரைசலை எடுக்கலாம். நான் இப்போது மூன்றாவதைத்தான் செய்கிறேன். எனாமல் அளவுக்கு அது வழுக்கி ஓடாது. ஆனால் காலையில் எண்ணிப் பார்த்தால் கால்கள் எல்லாம் இருக்கும்.

இரண்டாவது வழி, வண்ணம் பிடிக்க முதலில் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரில் தொடங்கி முழுதாக வண்ணம் அடிப்பது. இங்கே கருவி எது என்ற கேள்வி வருகிறது. பிரஷ் மலிவு, மெல்லிய அக்ரிலிக்கை மூன்று பூச்சாகக் கொடுத்தால் கோடு தெரியாது, பொறுமைதான் தேவை. ஸ்ப்ரே டப்பா வேகமானது, ஆனால் ஒரு கணம் அதிகம் நின்றுவிட்டால் தகட்டுக் கோடுகளை நிரப்பிவிடும். அழுத்த டப்பா வண்ணங்களை விமானத்தில் கொண்டுவர விடமாட்டார்கள் என்பதால் சிங்கப்பூர் சொந்தத்தால் இதில் பயன் இல்லை. உள்ளூர் ஹார்டுவேர் கடை டப்பாவை நேராகக் கப்பல் மேல் அடித்துவிடாதீர்கள். இரும்புக் கதவுக்காகச் செய்த வண்ணம் அது. அதன் கரைப்பான் பாலிஸ்டைரீனைத் தின்னும். நான் கிட்டின் சட்டக்குச்சியில், அதாவது பாகங்களை வெட்டியெடுத்தபின் மீதியாகும் பிளாஸ்டிக் சட்டத்தில், அடித்துப் பார்த்தேன். காய்ந்த நெல்லிக்காய் போலச் சுருங்கியது. கடையில் விற்கும் தின்னரும் அப்படித்தான். மாதிரி செய்வோருக்கென்று விற்கும் பிரைமரை இணையத்தில் வரவழைப்பதே பிழைக்கும் வழி.

காற்றழுத்தத்தால் வண்ணத்தை மெல்லிய தூறலாகத் தூவும் ஏர்பிரஷ் வேறு உலகம். 0.3 மி.மீ. மூக்கும் சிறு கம்ப்ரஸரும் இருந்தால் தகட்டின் ஓரத்தில் இருட்டும் நடுவில் வெளிச்சமுமாக நிறத்தை ஏற்றலாம். எஞ்சின் வாயில் விளிம்பே தெரியாத கருகலைப் போடலாம். பிரஷ்ஷால் அந்த மென்மை வராது. ஆனால் கம்ப்ரஸரின் விலையில் இன்னும் சில கிட் வாங்கிவிடலாம். வண்ணத் தூசி நெஞ்சுக்குள் போகாமல் முகக்கவசம் வேண்டும், காற்றோட்டமான இடம் வேண்டும். வீட்டின் நடுமுற்றமான வளவில் வானம் தெரிவதால் காற்றோட்டத்துக்கு எங்கள் வீட்டில் குறைவில்லை. அந்த வானத்திலிருந்து என்னென்ன விழுந்து ஈர வண்ணத்தில் ஒட்டும் என்பது வேறு கதை. வருடத்துக்கு இரண்டு கிட் செய்கிறவர் ஏர்பிரஷ் வாங்க வேண்டியதில்லை என்பது என் கருத்து. கருகலை விளக்குக்கரியால் வேறு விதமாகச் செய்யலாம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மூன்றாவது வழி, கப்பலையே மாற்றுவது. எனக்கு ஆசை இதில்தான். 1970களில் ஆங்கிலப் படங்களுக்கு விண்கல மாதிரி செய்தவர்கள் டாங்கி, போர்விமானக் கிட்களைக் கட்டுக்கட்டாக வாங்கி, அவற்றின் பாகங்களைக் கப்பலின் உடலில் ஒட்டித்தான் அந்தப் 'பெரிய எந்திரம்' என்ற தோற்றத்தைக் கொண்டுவந்தார்கள். கிட்களை அப்படி வாங்கிக் குவிக்க நம்மால் ஆகாது. ஆனால் காரைக்குடியில் கழிவுப் பொருளுக்கா பஞ்சம்?

மோட்டார் காயில் கட்டும் கடையில் மீந்த செம்புக் கம்பி கிடைத்தது. 26 கேஜ் கம்பி சுமார் 0.45 மி.மீ.; கப்பலின் அளவில் ஆறரை செ.மீ. குழாய். வளைத்த இடத்தில் வளைந்து நிற்கும், சூப்பர் பசையில் ஒட்டும். பழைய சிடி உறைகள் பாலிஸ்டைரீன். கீறி உடைத்தால் தகடாகிவிடும், கிட் பசையே அதைப் பற்றவைக்கும். காலாவதியான அடையாள அட்டையை வெட்டியும் தகடாக்கலாம். அது பிவிசி என்பதால் கிட் பசை பிடிக்காது, சூப்பர் பசைதான் வேண்டும். கிட்டின் சட்டக்குச்சியை மெழுகுவத்திச் சுடருக்கு மேலே காட்டி, இளகியதும் இரு பக்கமும் இழுத்தால், தலைமுடி போன்ற ஆன்டெனா வரும். இதை முதன்முறை செய்தபோது எனக்கு எட்டு வயதுப் பிள்ளையின் சந்தோஷம்.

கைக்கடிகாரப் பழுதுகாரரிடம் பல்சக்கரங்களும் வாங்கினேன். ஒட்டிப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்தேன். பார்த்தவுடன் 'கடிகாரச் சக்கரம்' என்று கண் சொல்லிவிடுகிறது. அந்தக் கணமே 29 மீட்டர் கப்பல் 20 செ.மீ. பொம்மையாகிவிடுகிறது. ஒட்டும் பொருள் எதுவென்று அடையாளம் தெரியக் கூடாது. குழாய் என்றால் ஓர் இடத்தில் கிளம்பி இன்னோர் இடத்தில் போய்ச் சேர வேண்டும். நடுவெளியில் முடியக் கூடாது. இந்த இரண்டையும் கடைப்பிடித்தால் எவ்வளவு குறைவாக ஒட்டினாலும் கப்பல் கனமாகத் தெரியும்.

பெயர் எழுதுவதிலும் மாற்றம் செய்தேன். கிட்டோடு வந்த ஆங்கில எண்களைத் தள்ளிவிட்டு, எங்கள் வீட்டுப் பழைய இரும்புப் பெட்டியில் பொறித்திருக்கும் விலாச எழுத்துகளை, அதாவது குடும்பத்தின் தலைப்பெழுத்துகளை, போட்டேன். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிக்க, அதாவது வட்டித்தொழில் செய்ய, போனவர்கள் பெட்டி, பேரேடு, பாத்திரம் எல்லாவற்றிலும் போட்ட எழுத்து. செவ்வாய்க்குப் போகும் சரக்கில் அது இல்லாவிட்டால் எப்படி? ஒரு மீட்டர் உயர எழுத்து இந்த அளவில் 7 மி.மீ. வரும். ஸ்டென்சில் வெட்டப் போய்த் தோற்றேன். தமிழ் எழுத்தின் சுழிக்குள் இருக்கும் தாள் தனித்தீவாகி உதிர்ந்துவிடுகிறது. கடைசியில் நீரில் நனைத்தால் படம் கழன்று ஒட்டும் டீகால் தாளில் கறுப்பில் அச்சிட்டு, மை கரையாமல் இருக்க வார்னிஷ் அடித்துவிட்டு நீரில் நனைத்து ஒட்டினேன். வெள்ளை எழுத்து வேண்டுமென்றால் இந்த வழி உதவாது; வீட்டு அச்சுப்பொறியில் வெள்ளை மை கிடையாது.

அழுக்கு ஏற்றும் கலை

இனிதான் விஷயத்துக்கே வருகிறோம். வண்ணம் சுமாராக இருந்தாலும் அழுக்கு சரியாக விழுந்தால் கப்பல் பிழைத்துக்கொள்ளும். வண்ணம் அருமையாக இருந்து அழுக்கு தவறினால் எல்லாம் போயிற்று.

இந்த விஷயத்தில் என் குரு, முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் விற்கும் ஒருவர். கிட் என்றால் என்னவென்றே அவருக்குத் தெரியாது. பாதி முடித்த கப்பலைக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லா இடமும் ஒரே கறுப்பாக இருக்கிறதே அண்ணே, புதுப் பித்தளையைப் பழசு என்று விற்கிறவன் வேலை மாதிரி" என்றார். கடையிலிருந்த பித்தளைச் செம்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். கழுத்தும் விளிம்பும் மின்னின; அடிவயிற்று மடிப்பு கறுத்திருந்தது. கை படுகிற இடம் தேய்ந்து மின்னும், கை எட்டாத மூலை கறுக்கும். அவர் பழசுக்கு விலை வைப்பதே அந்த வேறுபாட்டைப் பார்த்துத்தான்.

வீடு திரும்பியதும் எங்கள் வீட்டையே அந்தக் கண்ணோடு பார்த்தேன். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் நடை படப்படப் பளபளக்கிறது; சுவரோரத்தில் யாரும் மிதிக்காத கல்தான் மங்கிக் கிடக்கிறது. தேக்குத் தூணில் ஆள் சாயும் உயரம் மட்டும் எண்ணெய் தேய்த்தது போல இருக்கிறது. ஆனால் கிட் செய்கிற எல்லாருமே, நான் உட்பட, பழசாக்குவது என்றால் மங்கல் வார்னிஷ்ஷை முழுக்க அடித்துவிடுகிறோம். அதன்பின் ஏறும் பாலத்தின் நடுப்பகுதியையும் கதவுப் பிடிகளையும் மென்மையான பென்சில் கிராஃபைட்டால் தேய்த்து மினுக்கினேன். ஐந்து நிமிட வேலை. கப்பலில் திடீரென்று ஆள் நடமாட்டம் வந்துவிட்டது.

வண்ணம் பெயர்ந்த தோற்றத்துக்கு மூன்று முறைகளைச் செய்து பார்த்தேன். ஹேர்ஸ்ப்ரே முறையில் அடியில் உலோக நிறம் அடித்துக் காயவைத்து, மேலே ஹேர்ஸ்ப்ரே இரண்டு பூச்சு, அதன் மேல் அக்ரிலிக். ஒரு மணி நேரத்துக்குள் நீர் தொட்ட விறைப்பான பிரஷ்ஷால் தேய்த்தால் மேல்வண்ணம் உண்மையாகவே பெயரும். பெயர்ச்சியின் விளிம்பு அத்தனை இயல்பாக வேறெதிலும் வராது. நீர் உள்ளே புகும் அக்ரிலிக்கில்தான் இது நடக்கும், லாக்கரில் நடக்காது. சித்திரை வெயிலில் அக்ரிலிக் வெகுவேகமாக இறுகிவிடும் என்பதால் நேரத்தை இன்னும் சுருக்கிக்கொள்ள வேண்டும்.

உப்பு முறையை 1/144 அளவில் யாருக்கும் சொல்லமாட்டேன். பரப்பை நனைத்து உப்பைத் தூவி, காய்ந்ததும் வண்ணம் அடித்து, பிறகு உப்பைத் தட்டிவிட வேண்டும். தூள் உப்பின் மணியே ஏறக்குறைய 0.4 மி.மீ.; கப்பலில் ஆறு செ.மீ. கல் உப்பைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், ஒவ்வொன்றும் கதவளவு ஓட்டை. டாங்கி போன்ற பெரிய அளவு மாதிரிகளுக்கு அது பொருந்தலாம். உப்பு முழுதாகப் போகாமல் தங்கினால் ஈரம் இழுத்துக் கசியும் என்பது கூடுதல் தொல்லை.

மூன்றாவது ஸ்பாஞ்சு. பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சிலிருந்து ஒரு துணுக்கைக் கிள்ளி, கருஞ்சாம்பல் வண்ணத்தைத் தொட்டு, காகிதத்தில் ஒற்றி ஒற்றி, 'வண்ணமே வரவில்லையே' என்று தோன்றும்போது கப்பலின் விளிம்புகளில் தொட வேண்டும். பொட்டுப் பொட்டாக விழும். எல்டெஃப் போன்ற நுண்பள்ளத்துக்கு இதுவே ஏற்றது. பிடிக்காவிட்டால் ஈரத்துணியால் துடைத்துவிடலாம். மற்ற இரண்டிலும் அந்தச் சலுகை இல்லை. முடிவாகக் கேட்டால், உடல் முழுக்க ஸ்பாஞ்சு, சரக்குக் கதவைச் சுற்றி மட்டும் ஹேர்ஸ்ப்ரே. முதல் கிட் என்றால் ஹேர்ஸ்ப்ரேயும் வேண்டாம்.

தகடுகளின் நிறத்தையும் ஒன்றுபோல விடாதீர்கள். விண்ணோடத்தின் அடிப்பகுதியில் பதித்திருந்த கறுப்பு வெப்ப ஓடுகளைப் பாருங்கள். பறந்து பறந்து வெளுத்தவற்றுக்கு நடுவே, மாற்றிய புது ஓடுகள் கன்னங்கரேலென்று தெரியும். எங்கள் வீட்டுப் பட்டாலைக் கூடத்தின் தரையிலும் அப்படி ஒன்று உண்டு. எப்போதோ உடைந்ததற்குப் பதிலாகப் பதித்த ஆத்தங்குடிக் கல், பூ அதேதான், பச்சை மட்டும் ஒட்டாது. விண்ணோட ஓடு சுமார் 15 செ.மீ. சதுரம், நம் கப்பலில் ஒரு மி.மீ.; அதைத் தனித்தனியாகத் தீட்டுவது நடக்கிற காரியம் இல்லை. கிட்டில் பொறித்திருக்கும் பெரிய தகடுகளில் ஏழெட்டை மட்டும் தேர்ந்தெடுத்து, அடிநிறத்தில் ஒரு துளி வெள்ளையோ நீலமோ கூட்டித் தீட்டினால் போதும். பழுது பார்த்த வரலாறு தானாக வந்துவிடும்.

ஒழுகலுக்கு எண்ணெய் வண்ணம். ஓவியக்காரர்களின் டியூப்தான், பழுப்பு, மஞ்சட்காவி, வெள்ளை மூன்றும் போதும். சிறு புள்ளிகள் வைத்து, டர்பன்டைன் தொட்டுத் துடைத்த தட்டைப் பிரஷ்ஷால் இழுத்தால் மெல்லிய கறையாகப் படரும். அடியில் வார்னிஷ் இருப்பது அவசியம். இல்லாவிட்டால் என் தரையிறங்கு காலின் கதை திரும்ப நடக்கும். எந்தப் பக்கம் இழுப்பது என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள். எடையற்ற வெளியில் எதுவும் கீழே ஒழுகாது, ஏனென்றால் அங்கே 'கீழே' என்பதே இல்லை. தரையில் நிற்கும்போது கசிந்த எண்ணெய் மட்டும் கீழ்நோக்கி வரும். காற்றில் பாய்ந்தபோது ஏற்பட்டவை பின்னோக்கிப் போகும். இரண்டையும் கலக்கலாம், ஆனால் ஒவ்வொரு கறையும் எதனால் வந்தது என்று உங்களுக்காவது தெரிந்திருக்க வேண்டும்.

புழுதிக்குக் கடையில் நிறமித்தூள் விற்கிறது. செம்மண் நாட்டில் இருந்துகொண்டு மண்ணைக் காசு கொடுத்து வாங்குவதா என்ற வீம்பில் தோட்டத்து மண்ணைச் சலித்துத் தூவினேன். கால்மாட்டில் கூழாங்கல் கொட்டியது போல இருந்தது. கணக்குத்தாளைப் பார்த்தேன்: 0.1 மி.மீ. மணல் துகள், ஒன்றரை செ.மீ. கல். பிறகு மண்ணை ஒரு பாட்டில் நீரில் கலக்கி, கனமான மணல் அடியில் இறங்கச் சற்று நேரம் விட்டு, மேலே கலங்கி நிற்கும் நீரை மட்டும் வேறு பாத்திரத்தில் ஊற்றித் தெளியவிட்டேன். அடியில் தங்கிய வண்டலைக் காயவைத்துப் பொடித்தால் முகப்பவுடர் போல இருக்கிறது. கொத்தனார்கள் சுண்ணாம்பை வழவழப்பாக்க அரைத்து அரைத்து எடுப்பதைப் பார்த்தவனுக்கு இது முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும். இப்படி எடுத்த செம்மண் கடைத்தூளுக்குச் சளைத்தது இல்லை. ஆனால் நிறம் ஒன்றுதான் கிடைக்கும். சந்திரனுக்குப் போய் வந்த கப்பலுக்குச் சாம்பல் நிறத் தூசி வேண்டும். 1972இல் அப்போலோ 17 வீரர்களின் உடைகளில் அப்பியிருந்த கருஞ்சாம்பல் தூசிக்கு எங்கள் மண் உதவாது. அதற்கு ஓவியக்கடை பாஸ்டல் கட்டியை உப்புத்தாளில் உரசிக்கொள்ளலாம். அடுப்புச் சாம்பலை நினைக்காதீர்கள், ஈரம் இழுத்துக் கட்டிபிடிக்கிறது.

கருகலுக்கு, ஏர்பிரஷ் இல்லாதவர்களின் துணை விளக்குக்கரிதான். கண்மைக்குப் பிடிப்பது போல அகல் விளக்குச் சுடருக்கு மேலே ஒரு தட்டைக் கவிழ்த்து வைத்தால் படியும் கரி. அதைவிட நுண்ணிய கறுப்புத் தூளை நான் பார்த்ததில்லை. உலர்ந்த பிரஷ்ஷின் நுனியால் எஞ்சின் வாயில் தொட்டு வெளிநோக்கி ஊதினாற்போலத் தடவ வேண்டும். ஒரு சிட்டிகைக்கு மேல் எடுத்தால் கப்பல், மேசை, சட்டை, காபித் தம்ளர் எல்லாம் கருகும்.

எந்தத் தூளுக்கும் மேலே வார்னிஷ் அடித்தால் பாதி மறைந்துவிடும். ஆகவே வார்னிஷ் எல்லாம் முடிந்த பிறகே தூள். நிற்க வேண்டிய இடத்தில் மட்டும் ஒரு சொட்டு டர்பன்டைனைத் தொட்டுவிட்டால் ஓரளவு பிடித்துக்கொள்ளும்.

எந்த மாதத்தில்?

மங்கல் வார்னிஷ்ஷை ஐப்பசி அடைமழையில் அடித்தேன். பால் ஊற்றியது போல வெளுத்தது. ஸ்ப்ரே காயும்போது குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் வரும் கோளாறு இது. வெயில் அடித்த ஒரு நாளில் மேலே இன்னொரு மெல்லிய பூச்சு கொடுத்ததில் பெரும்பகுதி சரியாகிவிட்டது, முழுதும் சரியாகவில்லை. பொருத்துவதையும் ஒட்டுவதையும் மழைக்காலத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ப்ரே வேலை தை, மாசியில். கத்திரி வெயிலில் பிரஷ் நுனியிலேயே அக்ரிலிக் காய்ந்துவிடும். அப்போது எண்ணெய் வண்ண வேலை செய்யலாம், அது மட்டும் நிதானமாகக் காயும்.

யாருக்கு எது?

பள்ளிக்கூடப் பிள்ளையோடு விடுமுறையில் செய்கிறவருக்கு முதல் வழி, நீர்க்கரைசலோடு. விரிசல் பயம் இல்லை, விளக்குக்கரியும் செம்மண்ணும் பிள்ளைக்கு விளையாட்டு. கைப்பழக்கம் கொஞ்சம் உள்ளவர், ஒரே கிட்டை நீண்ட நாள் வைத்திருக்கப் போகிறவர், இரண்டாவது வழியில் பிரஷ்ஷோடு நிற்கலாம். கடையில் ஏர்பிரஷ்ஷைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். மூன்றாவது வழிக்குப் போகிறவர் வண்ணத்தைத் தவிர்க்க முடியாது. செம்பும் சிடி உறையும் கிட் பிளாஸ்டிக்கும் ஒரே உடலாகத் தெரிய வேண்டுமென்றால் பிரைமர் வேண்டும். செலவு பொருளில் குறையும், நேரத்தில் ஏறும். எனக்கு மூன்று மாதம் ஆயிற்று.

நான் இனி செய்தால் இரண்டாவது வழிக்கும் மூன்றாவது வழிக்கும் நடுவில் நிற்பேன். அடிவயிற்றில் மட்டும் பத்துக் குழாய், எஞ்சினைச் சுற்றி நான்கு தகடு, மேலே பிரஷ், ஸ்பாஞ்சு, காலில் செம்மண். அக்காள் மகனுக்கும் இதையே சொன்னேன். காணொளி அழைப்பில் கப்பலைச் சுற்றிக் காட்டியபோது அவன் வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அந்த ஒட்டுப்போட்ட கால் ரொம்ப இயல்பாக இருக்கிறது அம்மான், எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டான். எனாமல் கதையை நான் சொல்லவில்லை.

அவன் பெட்டி இன்னும் இங்கே அலமாரியில்தான் இருக்கிறது. பங்குனியில் வந்து தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறான். விலாச எழுத்தை எந்தப் பக்கம் ஒட்டுவது என்று நேற்றுக் கேட்டிருந்தான். ஏறும் பாலம் வலப்பக்கம் இருக்கிறது. மூட்டை உரசி உரசி அங்கே எழுத்து நிற்காது. இடப்பக்கம் ஒட்டச் சொல்லிப் பதில் அனுப்பினேன்.